ஐந்தே முக்கால் லட்சம் டாலர் பெட்டியும் அடுக்களை டப்பாவும்

ஒரு சுருட்டுப் பெட்டி என்ன விலை இருக்கும்? நூறு ரூபாயா? ஆயிரம் ரூபாயா?

1996 ஏப்ரல் மாதம் நியூயார்க் நகரில், சோதபீஸ் என்ற பிரபல ஏலக் கம்பெனி, காலஞ்சென்ற ஜாக்குலின் கென்னடி அம்மையாரின் உடைமைகளை ஏலம் விட்டது. அவற்றுள் வால்நட் மரத்தில் செய்த சுருட்டுப் பெட்டி ஒன்றும் இருந்தது. 1961 ஜனவரி 20-ஆம் தேதி ஜான் கென்னடி அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது, மில்டன் பெர்ல் என்ற டெலிவிஷன் ஹாஸ்ய நடிகர் அவருக்கு அன்பளிப்பாகத் தந்த பெட்டி அது. "நல்ல உடல்நலம், நல்ல புகை" என்று அதில் ஒரு வாழ்த்தும் பொறித்திருந்தது. போட்டா போட்டி நடந்தது. கடைசியில் சுருட்டுப் பத்திரிகை ஒன்றின் அதிபர் அதை எடுத்தார். விலை 5,74,500 டாலர்!

அந்தப் பெட்டி செய்யும் வேலையை, முறுக்கும் சீடையும் போட்டு வைக்கிறோமே, அந்தக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா செய்து விடும் என்றால் நம்புவீர்களா? சில விஷயங்களில் மரப் பெட்டியை விட நன்றாகவே செய்யும். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுருட்டுச் சேகரிப்போர் பலர், வேலைப்பாடு மிக்க மரப் பேழைகளை வரவேற்பு அறையில் அழகுக்கு வைத்துவிட்டு, உண்மையான சரக்கை பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஏன் என்று பார்ப்போம்.

ஈரம் குடிக்கும் இலை

சுருட்டு என்பது என்ன? பதப்படுத்திய புகையிலை. உள்ளே அடைக்கும் இலை, அதை இறுக்கிப் பிடிக்கும் இலை, மேலே வழவழப்பாகச் சுற்றும் இலை என்று மூன்று அடுக்கு. செடியிலிருந்து பறித்து, உலர்த்தி, புளிக்க வைத்து, மாதக் கணக்கில் பக்குவம் செய்த பிறகும் அந்த இலைக்கு ஒரு குணம் போவதில்லை. சுற்றிலும் உள்ள காற்று ஈரமாக இருந்தால் அது ஈரத்தைக் குடிக்கும். காற்று வறண்டால் குடித்ததைக் கக்கி விடும். நம் வீட்டு அப்பளம் மழைக் காலத்தில் நமுத்துப் போவதும், கோடையில் மொறுமொறுப்பதும் போலத்தான்.

ஈரம் குறைந்தால் மேலிலை வெடிக்கும். சுருட்டு மளமளவென்று எரிந்து, புகை சூடாகி, நாக்கைச் சுடும். இலையில் உள்ள வாசனை எண்ணெய்களும் பறந்து விடும். ஒரு தடவை முற்றிலும் காய்ந்து போன சுருட்டுக்கு ஈரத்தைத் திரும்ப ஊட்டலாம். போன வாசனை வராது. ஈரம் மிஞ்சினாலோ சுருட்டு பருத்து, மேலிலை பிளந்து, பற்ற வைத்தால் அணைந்து அணைந்து போகும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

இதற்கு நடுவில்தான் சுருட்டுக்கு சுகமான இடம். காற்று தாங்கக் கூடிய ஈரத்தில் நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு இருக்க வேண்டும். உஷ்ணம் 16 முதல் 21 டிகிரி சென்டிகிரேடு. இந்த அளவில் வைத்தால் சுருட்டு வருஷக் கணக்கில் கெடாது. நல்ல சுருட்டு சில வருஷம் பழகப் பழக, ஆரம்பத்தில் இருந்த காரம் தணிந்து பக்குவப்படும் என்பது ரசிகர்களின் கட்சி.

மரப் பெட்டியின் மர்மம்

இதற்காகச் செய்யும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ஹ்யூமிடார் என்று பெயர். வெளிப்புறம் எந்த மரமானாலும் உட்புறத்துக்குப் பெரும்பாலும் ஒரே மரம்தான்: ஸ்பானிஷ் சீடர். பெயரைக் கேட்டு ஏமாந்து விடாதீர்கள். அது ஸ்பெயினில் விளைவதும் அல்ல, சீடர் என்னும் தேவதாருவும் அல்ல. மத்திய, தென் அமெரிக்காவில் வளரும் மரம். தாவர சாஸ்திரிகள் அதை எந்தக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள் தெரியுமா? நம் வேப்ப மரத்தின் குடும்பத்தில்! இனிய மணம், ஈரத்தைக் குடித்து மெல்ல விடும் தன்மை. இந்த இரண்டும் சேர்ந்ததால் சுருட்டு வியாபாரிகள் அதை விடுவதே இல்லை.

ஆனால் மரத்தின் அந்த ஈர தாகமே தொல்லையும் ஆகிறது. புதுப் பெட்டியில் சுருட்டை வைத்தால், மரம் சுருட்டின் ஈரத்தையே உறிஞ்சி விடும். ஆகவே முதலில் ஓரிரு வாரம் பெட்டிக்கு ஈரம் ஊட்டிப் பழக்க வேண்டும். பிறகும் மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும். மூடி இம்மி விலகினால் போதும், உள்ளே உள்ள ஈரம் நழுவி விடும். மலிவான மரப் பெட்டிகள் பெரும்பாலும் தோற்பது இந்த மூடியில்தான்.

டப்பர் கண்ட மூடி

இங்கேதான் பிளாஸ்டிக் வருகிறது.

பாலிதீன் என்ற பொருள் 1933-ல் இங்கிலாந்தில் ஓர் இரசாயனக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் எதிர்பாராமல் கிடைத்தது. அதிலிருந்து வீட்டுப் பாத்திரம் செய்து புகழ் பெற்றவர் அமெரிக்கரான எர்ல் டப்பர். பெயிண்டு டப்பாவின் மூடி எப்படி இறுகப் பிடிக்கிறது என்று கவனித்தார். அதைத் தலைகீழாகப் போட்டால் என்ன என்று யோசித்தார். 1946-ல் அவருடைய டப்பர்வேர் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. கடைகளில் முதலில் சரியாக ஓடவில்லை. மூடியை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் வித்தை ஜனங்களுக்குப் புரியவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி வீடு வீடாக விருந்து வைத்து, பெண்களைக் கூட்டி, செய்து காட்டி விற்றார். 1951-ல் கம்பெனி கடை விற்பனையையே கைவிட்டு அவர் வழிக்கு மாறியது! அந்தக் கம்பெனி 2024 செப்டம்பரில் திவால் மனு கொடுக்க நேர்ந்தது வேறு கதை. ஆனால் காற்றுப் புகாத டப்பா உலகம் முழுவதும் நிலைத்து விட்டது.

சுருட்டு ரசிகர்கள் டப்பர்வேரையும் ஹ்யூமிடாரையும் ஒட்டுப் போட்டு 'டப்பர்டார்' என்று இதற்குச் செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் ஈரத்தைக் குடிப்பதில்லை, விரிவதில்லை. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையமும், நாலு பக்கமும் பூட்டும் காதும் உள்ள டப்பாவில் ஒரு தடவை சரியான ஈரத்தை ஏற்படுத்தி விட்டால் மாதக் கணக்கில் அது அசையாது.

ஒரு சின்னக் கணக்கு. பத்து லிட்டர் டப்பா ஒன்றில் 50 சுருட்டு இருப்பதாக வைத்துக் கொள்வோம். அந்தக் காற்றில் கலந்துள்ள தண்ணீர் எவ்வளவு? ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு கூட இராது. ஆனால் 50 பெரிய சுருட்டுகளின் இலைக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் சுமார் 60 கிராம்! ஆக, உண்மையான ஈரக் களஞ்சியம் சுருட்டேதான். வெளிக் காற்று உள்ளே வராமல் தடுத்து விட்டால், சுருட்டுகள் தங்கள் சீதோஷ்ணத்தைத் தாங்களே பார்த்துக் கொள்கின்றன. நிறைந்த டப்பா நிலையாக இருப்பதும், கால் டப்பா தத்தளிப்பதும் இதனால்தான்.

டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

உணவுப் பண்டம் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக்காகப் பார்த்து வாங்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், அது நல்லது. ஏற்கெனவே மசாலாப் பொடியோ ஊறுகாயோ வைத்த டப்பா கூடவே கூடாது. பிளாஸ்டிக்கில் ஏறிய வாசனை சுருட்டிலும் ஏறி விடும். புது டப்பாவாக இருந்தாலும் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, சில நாள் திறந்து வைத்து, பிளாஸ்டிக் வாசனை முற்றிலும் போன பிறகே உபயோகிக்க வேண்டும்.

மூடி இறுக்கமா என்று எப்படித் தெரிந்து கொள்வது? உள்ளே ஒரு மெல்லிய காகிதத்தைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் அமுக்கி வையுங்கள். காகிதம் நனையாமல் இருந்தால் டப்பா பாஸ்.

வெறும் பிளாஸ்டிக்கில் சுருட்டை அப்படியே போடாமல், அடியில் ஸ்பானிஷ் சீடர் மரத்தட்டு ஒன்றோ, சில சீவல்களோ வைப்பது வழக்கம். சுருட்டு வந்த மரப் பெட்டியையே உள்ளே வைப்பவர்களும் உண்டு. மரம் மணம் தரும். திடீரென ஏறும் ஈரத்தையும் தாங்கிக் கொள்ளும்.

பிளாஸ்டிக்கிடம் ஒரு குறை உண்டு. அது மூச்சு விடாது. புதிதாகச் சுற்றிய சுருட்டிலிருந்து அம்மோனியா வாயு வரும். மூடியே வைத்தால் அது உள்ளேயே தங்கி விடும். ஆகவே வாரம் ஒரு தடவை டப்பாவைத் திறந்து, இரண்டொரு நிமிஷம் காற்றாட விட்டு, மேல் வரிசையைக் கீழும் கீழ் வரிசையை மேலும் மாற்றி அடுக்க வேண்டும். வாசனை ஏற்றிய சுருட்டுகளைத் தனி டப்பாவில் வைக்காவிட்டால் எல்லாச் சுருட்டும் வெனிலா மணக்கும்!

உப்பு செய்யும் ஜாலம்

ஈரத்தை ஒரே அளவில் நிறுத்த இப்போது கையடக்கமான பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது தெவிட்டும் அளவுக்கு உப்புக் கலந்த கரைசல். நீராவி மட்டும் போய் வரக் கூடிய மெல்லிய சவ்வுப் பை அதை மூடியிருக்கும். காற்று வறண்டால் ஈரத்தை விடும், மிஞ்சினால் திரும்ப எடுத்துக் கொள்ளும். 62, 65, 69, 72 என்று தேவையான அளவு அச்சிட்டே விற்கிறார்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று என்பது பொதுக் கணக்கு. டப்பா இறுக்கமாக இருந்தால் குறைவாகவே செலவாகும். பாக்கெட் விறைத்துக் கரகரவென்று ஆகி விட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

இந்த ஜாலத்தின் ரகசியம் நம் சமையல் உப்பிலேயே இருக்கிறது. நனைந்த உப்பை ஒரு மூடிய இடத்தில் வைத்தால், அங்கே உள்ள காற்றின் ஈரம் 75 சதவிகிதத்தில் வந்து நிற்கும். ஈரமானிக் கருவியைச் சோதிக்க இதுவே மிக மலிவான வழி. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; கரைந்து விடக் கூடாது. அதையும் கருவியையும் ஒரு காற்றுப் புகாத பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். கருவி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அது நாலு குறைத்துச் சொல்கிறது என்று குறித்துக் கொண்டு, இனி கூட்டிப் படியுங்கள். சோதிக்காத கருவியை நம்பிச் சுருட்டைக் கெடுத்தவர்கள் பலர்.

தண்ணீர் ஊற்றும் பழைய ரகச் சாதனம் வைத்திருப்பவர்கள் குழாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது. காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும்.

நம் ஊர்ப் பாடு

சுருட்டு நமக்கு அந்நியமா? ஆங்கில அகராதியில் உள்ள 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரை கொடி கட்டிப் பறந்தது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று அந்தத் துப்பறியும் சிங்கம் சாம்பலைப் பார்த்தே சொல்லி விடுகிறார்! திண்டுக்கல் சீமையில் விளைந்த புகையிலை திருச்சி உறையூரில் சுருட்டாயிற்று. இன்று அந்தத் தொழில் மிகவும் சுருங்கி விட்டது.

ஆனால் நம் சீதோஷ்ணம் சுருட்டுச் சேகரிப்புக்குப் பெரும் சோதனை. குளிர் நாட்டில், சூடேற்றிய அறைகளில் காற்று காய்ந்து விடுவதால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் தடுக்கவே டப்பா வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை தலைகீழ். வெளியே 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரம்; அது உள்ளே புகாமல் தடுக்க டப்பா வேண்டும். திருச்சியில் சித்திரை மத்தியானத்தில் காற்று வறண்டு பறக்கும். குளிர்சாதன அறையிலோ இரவில் ஒரு விதம், பகலில் ஒரு விதம். இத்தனைக்கும் ஒரே பதில், இறுக மூடிய டப்பா.

உஷ்ணத்தை மட்டும் டப்பாவால் தடுக்க முடியாது. வீட்டிலேயே குளிர்ந்த, வெயில் படாத அறையில், தரையோடு ஒட்டிய அலமாரியில் வைப்பது உத்தமம். நம் சூட்டுக்கு 70-ஐ விட 62, 65 என்ற குறைந்த ஈரமே பத்திரம் என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு. பூஞ்சணத்துக்கு அதில் இடம் குறைவு.

மஞ்சளைத் தின்னும் வண்டு

சூட்டைக் கண்டு பயப்பட இன்னொரு காரணம் உண்டு. புகையிலை வண்டு என்று ஒரு பூச்சி. நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர், செம்பழுப்பு நிறம். நம் இல்லத்தரசிகளுக்கு அது நன்கு பழக்கம்தான். மஞ்சள், சுக்கு, கொத்தமல்லி டப்பாக்களில் துளை போட்டுத் தூளாக்குவதும் இதே வண்டுதான். மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமுன் கல்லறையிலும் இது அகப்பட்டிருக்கிறது. புகையிலை எகிப்துக்குப் போவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த வண்டு அங்கே குடியிருந்திருக்கிறது!

கண்ணுக்குத் தெரியாத அதன் முட்டை இலையோடு சேர்ந்தே வந்து விடும். குளிரில் அது பொரிக்காமல் கிடக்கும். 24, 25 டிகிரியைத் தாண்டினால் விழித்துக் கொள்ளும். புழு உள்ளே குடைந்து, வளர்ந்து, ஊசித் துளை போட்டு வெளியே வரும். பிறகு பக்கத்துச் சுருட்டு. ஒரே மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது ஆரம்பம். இறுக மூடிய டப்பா இதைத் தடுக்குமா? தடுக்காது. திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்!

மருந்து குளிர்தான். புதிதாக வாங்கிய சுருட்டைக் காற்றுப் புகாத பையில் இரட்டை உறையாகப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் சுமார் ஒரு வாரம் வைக்க வேண்டும். பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள். அதன்பின் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பையைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். ஈரம் முத்துக் கோக்கும். இந்தச் சிரமத்தைப் படாமல் புதுச் சுருட்டைப் பழைய சேகரிப்போடு கலப்பது, ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சரக்கைப் பணயம் வைப்பதாகும்.

பெருகப் பெருக

சேகரிப்பு என்பது குட்டி போடும் வஸ்து. மாதம் 25 வாங்கி, வாரத்துக்கு இரண்டு பிடிக்கும் ஆசாமியின் கணக்கைப் பாருங்கள். வருஷத்தில் 300 வரவு, 104 செலவு. மீதி 196! அடுத்த வருஷம் சுமார் 400. மரப் பேழை வாங்கிக் கட்டுப்படியாகுமா? டப்பாவானால் ஒன்று நிறைந்ததும் இன்னொன்று. ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றவை தப்பும். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ரகம், வாங்கிய தேதி, பாக்கெட் மாற்றிய தேதி எழுதி ஒட்ட வேண்டும். நூற்றுக்கணக்கில் போனால், பிக்னிக்குக்கு எடுத்துப் போகும் பெரிய ஐஸ் பெட்டியை உபயோகிக்கிறார்கள். அதன் தடித்த சுவர் உஷ்ண மாறுதலையும் ஓரளவு தடுக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இந்த டப்பாவும் அடுக்களைத் தின்பண்ட டப்பாவும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். புகையிலையைக் குழந்தை தெரியாமல் தின்றால் நிகோடின் விஷம் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே சுருட்டு டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

யாருக்குக் காவல்?

1962 பிப்ரவரியில் கியூபாவின் மீது வர்த்தகத் தடை விதிக்கும் முன்பு, ஜனாதிபதி கென்னடி தம் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்து, மறுநாள் காலைக்குள் ஆயிரம் கியூபாச் சுருட்டு வேண்டும் என்றாராம். சாலிஞ்சர் வாஷிங்டன் கடைகளில் தேடி 1,200 சேர்த்து வந்தார். அதைக் கேட்ட பிறகே ஜனாதிபதி தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். இதைப் பின்னாளில் எழுதியவர் சாலிஞ்சரேதான். 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டு இறந்தார். சுருட்டுக்கு எத்தனை வருஷம் காவல் போட்டாலும் மனிதனுக்குக் காவல் போட முடிகிறதா?

காவலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையம் 1998-ல் வெளியிட்ட விரிவான அறிக்கை, வாய், குரல்வளை, உணவுக் குழாய், நுரையீரல் ஆகியவற்றில் சுருட்டினால் புற்றுநோய் வரும் என்று எடுத்துக் காட்டியிருக்கிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கக் கூடும். எந்த டப்பாவும், எந்தப் பாக்கெட்டும் இந்தக் கணக்கை மாற்றாது.

கென்னடியின் பெட்டியில் அந்த ஹாஸ்ய நடிகர் நல்ல உடல்நலத்தையும் நல்ல புகையையும் சேர்த்தே வாழ்த்தினார். சேகரிப்பதும், மாதக் கணக்கில் பாதுகாப்பதும், ஒரு கைவினைப் பொருளைக் கெடாமல் வைத்திருப்பதும் ரசிக்கத் தகுந்த பொழுதுபோக்குத்தான். ஆனால் அந்த வாழ்த்தில் உள்ள இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்து மூட இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.